ஐந்தாம் வகுப்புச் சம்பளம்

செப்டம்பர் 28

காலை முழுவதும் டானூப் ஆற்றின் மூடுபனி. போஃபிங்கென் மேட்டிலிருந்து டிராமை இறக்கும்போது உல்ம் என்றொரு ஊரே இல்லை. தேவாலயக் கோபுரத்தின் நுனி மட்டும் பாலில் நட்ட ஊசி மாதிரி நின்றது. இப்படிப்பட்ட காலைகளில் வண்டி தானாக மிதக்கிறது, நான் சும்மா மணி அடிப்பதற்காக உட்கார்ந்திருக்கிறேன் என்று தோன்றும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பனிக்குள்ளிருந்து ஆட்கள் முளைக்கிறார்கள். இறங்கியதும் கரைந்துபோகிறார்கள். இத்தனை அதிகாலையில் யாருக்காக ஓடுகிறார்கள் — அவர்களுக்கே தெரியுமா?

டிப்போ ஓய்வறையில் சம்பளச் சீட்டு வந்திருந்தது. டானிலோவும் நானும் ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள். ஒரே சம்பளம், ஒரே ஷிப்டு, இடுப்பில் ஒரே இடத்தில் வலி. அவன் தன் சீட்டை மேசையில் விரித்து வைத்துவிட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தான். கண் அதன் மேல் போய்விட்டது. கைக்கு வரும் தொகை என்னுடையதைவிட நானூறு யூரோவுக்கு மேல் அதிகம்.

"என்ன பாக்குற? நீ கல்யாணம் பண்ணிக்கிட்ட, நான் பண்ணிக்கல. எனக்கு அரசாங்கம் குடுக்குற ஆறுதல் பரிசு" என்றான்.

சிரித்தேன். தெரிந்த விஷயம்தான். ஆனால் இரண்டு சீட்டையும் அருகருகே வைத்து இதுவரை பார்த்ததில்லை.

அக்டோபர் 1

ஞாயிறு. ரூபென் கீழே கார் கழுவுகிறான். ஜன்னலில் இருந்து பார்த்தால் நுரைக்குள் நிற்கும் மனிதன். அழகாகத்தான் இருக்கிறான்.

எழுதி வைக்கிறேன், கோபமாவது தெளிவாக இருக்கட்டும். இந்த நாட்டில் புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போனால், மாதா மாதம் பிடிக்கிற வரியை இரண்டு பேர் மேலும் எப்படி இறக்குவது என்று தேர்ந்தெடுக்கலாம். இரண்டு பேரும் நான்காம் வரி வகுப்பு என்றால், கல்யாணமாகாத டானிலோவுக்குப் பிடிப்பது போலவே ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பிடிப்பார்கள். இல்லையென்றால் ஒருவருக்கு மூன்று, இன்னொருவருக்கு ஐந்து. மூன்றில் இருப்பவருக்குக் கொஞ்சமாகப் பிடிப்பார்கள், ஐந்தில் இருப்பவரிடம் வழித்து எடுப்பார்கள். வருஷக் கடைசியில் சேர்த்துக் கணக்குப் பார்க்கும்போது இருவருக்குமான மொத்த வரி எப்படியும் ஒன்றுதான்.

யார் மூன்று, யார் ஐந்து என்று கேட்கவே வேண்டாம். தெருவில் கல்லை எறிந்தால் ஓர் ஐந்தாம் வகுப்புக்காரி மேல் விழும். ஐந்தாம் வகுப்புக்காரன் ஒருவனை நான் பார்த்ததில்லை.

கல்யாணமான மறுவாரம் மாமியார் ரெனாத்தே, பின்னல் ரொட்டியோடு விண்ணப்பத்தையும் கொண்டுவந்தாள். ரூபென் வேலை செய்வது லாரி உதிரிபாக ஆலையில். உலோகத் தொழிலாளர் சங்கக் கூலி, என்னுடையதைவிட நல்ல கூலி. "எங்க குடும்பத்துல எல்லாரும் இப்படித்தான். மாசம் கையில கொஞ்சம் கூட நிக்கும்" என்றாள். வெண்ணெய் ஒட்டிய விரலோடு கையெழுத்துப் போட்டேன். ரொட்டி நன்றாக இருந்தது என்பதுதான் ஞாபகம் இருக்கிறது.

அக்டோபர் 4

இந்த மாதமும் இல்லை.

அக்டோபர் 12

செவ்தாவும் நானும் கடைசி நிறுத்தத்தில் ஐந்து நிமிடம் சேர்ந்து நின்றோம். அவள் எனக்கு முந்தைய வண்டி. பத்து வருஷமாக ஓட்டுகிறாள், இரண்டு பிள்ளை. குழந்தைக்காகக் காத்திருக்கிறோம் என்று அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன்.

"எந்த வகுப்புல இருக்க?"

"அஞ்சு."

"அஞ்சுல இருந்துக்கிட்டு புள்ள பெக்கப் போறியா? பைத்தியமா உனக்கு?" கையுறையால் என் தோளில் அடித்தாள். "பொறந்தப்புறம் வீட்ல இருக்கிற மாசத்துக்கெல்லாம் அரசாங்கம் பணம் குடுக்கும்ல, அத எத வெச்சுக் கணக்குப் போடுவான்? முந்துன வருஷம் உன் கைக்கு வந்தத வெச்சு. அதுல மூணுல ரெண்டு பங்கு. வருஷக் கடைசில சரிக்கட்டுறது கிட்டுறது எதுவும் அதுல சேராது. உன் கைக்கு வந்தது மட்டுந்தான்."

"வயித்துல தெரிஞ்சதும் மாத்திக்கிட்டா?"

"பிரசவ லீவுக்கு முன்னாடி ஏழு மாசமாவது புது வகுப்புல இருந்திருக்கணும். தெரிஞ்ச அன்னிக்கே ஓடணும். ஒரு மாசம் தவறுனா போச்சு. எனக்கு மூத்தவனுக்குப் போச்சு. மொதல்ல வகுப்ப மாத்து, அப்புறம் புருஷன்கிட்ட போ."

மணி அடித்துக்கொண்டே போய்விட்டாள். பனிக்குள் அவள் வண்டியின் பின்விளக்கு இரண்டு சிவப்புப் பழம் போல ஆடிக்கொண்டே சிறுத்தது.

ஆக, பிள்ளை வயிற்றுக்கு வருமுன்பே அதற்கு விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும். என்ன மாதிரி ஆட்கள் உட்கார்ந்து இதையெல்லாம் எழுதுகிறார்கள்? அவர்களுக்கு யார் பிள்ளை பெற்றுத் தருகிறார்கள்?

அக்டோபர் 29

குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும் நாள். கூடக் கிடைத்த அந்த ஒரு மணியைத் தூங்கிக் கழித்திருக்கலாம். எங்கள் கதவில் 'பெருக்கும் வாரம்' என்ற பலகை தொங்குகிறது. இந்த வாரம் பொதுப் படிக்கட்டைத் துடைப்பது எங்கள் முறை. பலகை வீட்டுக்குத்தான் மாட்டுவார்கள். துடைப்பம் என் கைக்குத்தான் வரும்.

படியைத் துடைத்துக்கொண்டே ரூபெனிடம் கேட்டேன். அவன் மேல்படியில் உட்கார்ந்து ஷூவுக்கு மெழுகு போட்டுக்கொண்டிருந்தான்.

"நாம ரெண்டு பேரும் நாலுக்கு மாறிடலாமா?"

"எதுக்கு? உன் பணம் என் பணம் எல்லாம் ஒரே பானைதானே."

"ஒரே பானைன்னா எந்த வகுப்பா இருந்தா என்ன? மாத்திடலாமே."

"ஒரே பானைன்னா எதுக்கு மாத்தணும்?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அவன் சொன்னான்: "நாலுன்னா ரெண்டு பேருக்கும் சேத்து மாசம் கொஞ்சம் கம்மியா வரும் மாரென். அடுத்த வருஷந்தான் திரும்பக் கிடைக்கும். அரசாங்கத்துக்கு எதுக்கு சும்மா கடன் குடுக்கணும்?"

அவன் சொன்னது சரி. அதனால்தான் எரிச்சல் அதிகமானது.

வாளித் தண்ணீரைக் கொட்டும்போது தோன்றியது. வீட்டு வாடகை அவன் கணக்கில் போகிறது. கார், சமையலறை அலமாரி, சோபா எல்லாம் அவன் கணக்கு. ரொட்டி, பால், சோப்பு, ஆப்பிள், வெண்ணெய் என் கணக்கு. அவன் பணம் நிற்கிறது. தொட்டுப் பார்க்கலாம், ஞாயிற்றுக்கிழமை நுரை போட்டுக் கழுவலாம். என் பணம் தின்னப்படுகிறது. வாரக் கடைசியில் அது இருந்ததற்கு அடையாளம் குப்பைக்கூடையில் நாலு காகித உறை.

நவம்பர் 3

இந்த மாதமும் இல்லை. டிராம் கண்ணாடியில் நாள் முழுக்க மழை.

நவம்பர் 5

கனவு. டிராம் டானூபுக்குள் இறங்கிப் போகிறது. தண்டவாளம் ஆற்றடியில் ஒழுங்காகப் போட்டிருக்கிறது, யாரும் ஆச்சரியப்படவில்லை. பயணிகள் எல்லோரும் பெண்கள், எல்லோர் மடியிலும் மீன் மாதிரி ஏதோ ஒன்று துள்ளுகிறது. நிறுத்தம் வருகிறது. கதவு திறக்கும் பொத்தானைத் தேடுகிறேன், அந்த இடத்தில் வழவழப்பான பலகை. ஒருத்தி, "அவசரமில்ல, வருஷக் கடைசியில திறப்பாங்க" என்கிறாள். எழுந்தபோது சிரித்துக்கொண்டிருந்தேன் என்று ரூபென் சொன்னான்.

நவம்பர் 12

மாமியார் வீட்டில் மதியச் சாப்பாடு. பருப்பு, முட்டை நூடுல்ஸ், தொத்திறைச்சி. ரூபென் காரைப் பற்றியே பேசினான். ஆலை வழியாக மாதத் தவணைக்கு எடுத்திருக்கும் இந்தக் காரின் ஒப்பந்தம் பிப்ரவரியில் முடிகிறது. அடுத்து பெரியது, பின்கதவு தானாகத் திறக்குமாம். "புள்ளை வந்தா வண்டி வேணும்ல" என்று என்னைப் பார்த்தான். அன்பாகத்தான் பார்த்தான்.

நான் வரி வகுப்பைப் பற்றிப் பேச்செடுத்தேன். ரெனாத்தே கரண்டியை வைத்துவிட்டாள்.

"ஏ புள்ள, ஆம்பள சம்பளம் சீட்டுல கொறைஞ்சா வீட்டுல மொகம் கொறையும். நான் முப்பது வருஷம் அஞ்சுலதான் இருந்தேன். என்ன செத்தா போயிட்டேன்?"

"உங்க தையல் ஆலைய மூடினாங்களே, அப்ப வேலையில்லாத பணம் எவ்வளவு வந்துச்சு?"

"அதுவா? அதுவும் கைக்கு வந்ததப் பாத்துத்தானே போடுவான்." வானிலை சொல்வது போலச் சொன்னாள். "முடி வெட்டுறதுக்கும் பஸ்ஸுக்கும் ஆச்சு. மீதிக்கு எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன். கேட்டா குடுப்பாரு, நல்ல மனுஷன்." கொஞ்ச நேரம் பருப்பைக் கிளறினாள். "கேக்கணும். அவ்வளவுதான்."

வண்டியில் திரும்பும்போது ரூபென் வானொலியைச் சத்தமாக வைத்தான். நான் வெளியே பார்த்தேன். வயல் மேல் பனி, பனிக்கு மேல் ஒரு மின்கம்பி, அதில் வரிசையாக இருக்கிற பறவைகள் எதன் மேலும் உட்காராதவை போல.

நவம்பர் 16

மறுபடி கேட்டேன். "ஜனவரியில பாப்போம்" என்கிறான். ஜனவரியில் கேட்டால் பிப்ரவரி, கார் வந்ததும் பார்ப்போம் என்பான்.

"நீ என்ன நம்பலையா?" என்று கேட்டான்.

நம்புகிறேன். நம்பிக்கை இருக்கிற இடத்தில்தான் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ரெனாத்தேயும் நம்பினாள். அவள் புருஷன் நல்ல மனுஷன்.

அம்மா நாட்டின் கிழக்கு மூலையில் இருக்கும் கோட்புஸிலிருந்து போன் செய்தாள். அனல்மின் நிலையத்தில் கிரேன் ஓட்டியவள், சுற்றி வளைக்கத் தெரியாது. "அந்த ஊர்ல படிக்கட்டையும் நீதான் தொடைக்கிற, வரியையும் நீதான் கட்டுறயா? அப்ப அவன் என்னதான் பண்றான்?"

"கார் கழுவறான்மா."

இருவரும் நெடுநேரம் சிரித்தோம். வைத்த பிறகு எனக்குச் சிரிப்பே வரவில்லை.

நவம்பர் 21

விடுப்பு. பகல் பதினொரு மணி, சமையலறை முழுக்க வெளுத்த வெயில். வரித்துறையின் இணையப் பக்கத்தில் நுழைந்தேன். மூன்றுக்கும் ஐந்துக்கும் போக இரண்டு கையெழுத்து வேண்டும். இரண்டு பேரும் நான்குக்குத் திரும்ப ஒருவர் கேட்டால் போதும். செவ்தா ஒருமுறை இதைச் சொன்னபோது நம்பவில்லை. அங்கே தெளிவாகப் போட்டிருந்தது. கணவர் கையெழுத்து தேவையில்லை.

அனுப்பினேன். அடுத்த மாதம் முதல் நடைமுறைக்கு வரும்.

ஒன்றும் ஆகவில்லை. குளிர்பெட்டி உறுமியது. எதிர்வீட்டுப் பூனை கம்பத்தில் முதுகு தேய்த்தது. ஓர் ஆப்பிள் தின்றேன்.

நவம்பர் 24

சொல்லவில்லை.

டிசம்பர் 1

இன்றும் சொல்லவில்லை. வாய் திறக்கும்போதெல்லாம் அவன் ஏதாவது நல்லது செய்துவிடுகிறான். நேற்று என் பூட்ஸில் செய்தித்தாளைச் சுருட்டி வைத்துக் காய வைத்திருந்தான். இவனிடம் என்னவென்று சொல்வது? கையில் துடைப்பத்தோடு கேட்டபோது காது கேட்காதவனுக்கு, இதை மட்டும் பூப்போல எடுத்துச் சொல்ல வேண்டுமா? ஆமாம், வேண்டும்தான். தெரிகிறது. சொல்லவில்லை.

டிசம்பர் 4

இந்த மாதமும் இல்லை.

டிசம்பர் 20

அவனுக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லி இல்லை.

ஆலையின் சம்பளப் பிரிவில் இருக்கும் அம்மாள் அவனைக் கூப்பிட்டிருக்கிறாள். குரலைத் தாழ்த்தி, "வீட்ல எல்லாம் நல்லாத்தானே இருக்கு ரூபென்? வகுப்பு மாறியிருக்கே. பிரிஞ்சு கிரிஞ்சு..." என்று கேட்டாளாம். மூன்றிலிருந்து ஒருவன் இறங்கினால் அங்கே அதற்கு ஒரே அர்த்தம்தான். சாப்பாட்டு இடைவேளைக்குள் லேத் வரிசை முழுக்கத் தெரிந்துவிட்டது. "சோபா யாருக்கு, கார் யாருக்கு?" என்று ஒருத்தன் கேட்டானாம்.

வாசலில் ஷூவைக் கழற்றாமலே நின்றான். இந்த ஊர்க்காரன் ஷூவோடு உள்ளே வந்து நான் பார்த்ததில்லை.

"என்கிட்ட சொல்லாம."

"ரெண்டு மாசமா சொன்னேன் ரூபென்."

"கேட்ட. சொல்லல. ரெண்டும் வேற."

"ஆமா. வேறதான். அது என் தப்பு." சொல்லாமல் செய்தது தப்பு. செய்தது தப்பில்லை. இதை அவனிடம் இப்படி ஒழுங்காகச் சொல்லவில்லை, கத்தினேன்.

"இல்லாத ஒரு புள்ளைக்காக இப்படிப் பண்ணுவியா?" என்றான்.

"இருக்கிற எனக்காகப் பண்ணினேன்."

அதை முன்கூட்டி யோசித்து வைத்திருக்கவில்லை. வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அதுதான் விஷயம் என்று எனக்கே தெரிந்தது. மூன்று மாதமாகப் பிள்ளை பிள்ளை என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பிள்ளை வராமலே போகலாம். அப்போதும் நான் அதிகாலையில் எழுந்து வண்டி ஓட்டத்தானே போகிறேன்? அந்த உழைப்புக்கு ஒரு முகம் வேண்டாமா?

அவன் பையை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனான். மாடிப்படியில் ஷூ ஈரம், படிக்கு ஒரு தடம். அதைத் துடைக்கவில்லை. துடைக்கவே மாட்டேன்.

டிசம்பர் 24

பிற்பகல் ஷிப்டை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பிள்ளைகுட்டிக்காரர்கள் வீட்டில் இருக்கட்டும். நாலு மணிக்கு மேல் வண்டி காலி. ஜன்னல்களில் மஞ்சள் விளக்கு, பின்னால் ஒளிரும் வெற்று இருக்கைகள், ஊரின் நடுவில் ஓர் ஒளிப்பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறேன். யாரும் ஏறாத நிறுத்தங்களிலும் நின்றேன். கதவைத் திறந்து மூடினேன். குளிர் மட்டும் ஏறி உட்கார்ந்தது.

கடைசி நிறுத்தத்தில் போன் அடித்தது. ரெனாத்தே.

"ஏ புள்ள, இவன் உருளைக்கிழங்கு சாலட்ட மூணு தடவ வாங்கித் தின்னுட்டு மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு ஒக்காந்திருக்கான். எனக்கு ஆகாது. பெத்தது நான்தான், கட்டுனது நீ. வந்து கூட்டிட்டுப் போ."

"அவரே வரட்டும். அவர்கிட்டதானே கார் இருக்கு."

சிரித்தாள் என்று நினைக்கிறேன், அல்லது இருமல். அப்புறம் குரலை இறக்கிக் கேட்டாள்: "மாரென், நெசமாவே அதுக்குப் புருஷன் கையெழுத்து வேண்டாமா?"

"வேண்டாம்."

"எப்பலேந்து?"

"கொஞ்ச வருஷமாத்தான்."

பின்னால் தொலைக்காட்சியில் சிறுவர் கூட்டம் பாடியது. "சரி. சாலட் உனக்கு ஒரு டப்பால எடுத்து வெச்சிருக்கேன்" என்று வைத்துவிட்டாள்.

டிசம்பர் 25

காலையில் வந்தான். கையில் டப்பா. ஷூவை வாசலில் கழற்றினான். இரண்டு தட்டு எடுத்து வைத்தேன். சாலட் நன்றாக இருந்தது.

டிசம்பர் 29

புதுச் சம்பளச் சீட்டு. டானிலோ தன்னுடையதைப் பக்கத்தில் வைத்தான். "பரிசு போச்சே" என்றான். இரண்டும் ஒன்று.

அழுகை வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஓய்வறையில் காபி எந்திரத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

ஜனவரி 6

ரூபென் மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டான். அவன் சொன்னதுதான் நடக்கிறது: இரண்டு பேருக்கும் சேர்த்து மாதா மாதம் கொஞ்சம் இடிக்கிறது. "சொன்னேன்ல" என்று சொல்வான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "வாடகைய ரெண்டா பிரிச்சு ரெண்டு கணக்குல போடலாமா?" என்று கேட்டான்.

"போடலாம்."

"அப்ப சாப்பாடும் பாதிப் பாதி."

"சரி."

வெகுநேரம் நான் துரத்தி ஓடிய பேருந்தை ஓட்டுநர் கடைசியில் நிறுத்தியது போல இருந்தது. ஏறிய பிறகு எங்கே போக வேண்டும் என்று மறந்துவிட்டது.

ஜனவரி 30

இந்த மாதமும் இல்லை. இந்த முறை அவனிடம் சொன்னேன். தலையைத் தடவினான். அவன் கையில் லேத் எண்ணெய் வாசம்.

பிப்ரவரி 17

கார் ஒப்பந்தம் நேற்றோடு முடிந்தது. சாவியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். புதியது எப்போது என்று கேட்டேன். "பாப்போம்" என்றான். இது ஜனவரியில் பார்ப்போம் என்ற "பாப்போம்" இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும்.

கீழே காரின் இடம் காலி. கழுவிக் கழுவி அந்தச் சதுரம் மட்டும் வெளுத்திருக்கிறது.

மார்ச் 4

பனி. ஏழு மணி வண்டி. போஃபிங்கென் நிறுத்தத்தில் கதவைத் திறந்ததும் வழக்கம்போல ஆட்கள் முளைத்தார்கள். செவிலிப் பெண்கள், பள்ளிக்கூடப் பைகள், சைக்கிளோடு ஒருவர். கடைசியாக ஒருத்தன், காலர் உயர்த்திய கோட்டு. கண்ணாடிக்கு வெளியே நின்று மாதச் சீட்டை என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான். டிராம் ஓட்டுநரிடம் யாரும் சீட்டுக் காட்டுவதில்லை. காரிலேயே வளர்ந்த ரூபெனுக்கு அது தெரியாதா, கிண்டல் செய்கிறானா என்று பார்த்தேன். முகம் அசையவில்லை. கிண்டல்தான்.

எனக்கு நேர்பின்னால் உட்கார்ந்தான். ஓட்டும்போது ஓட்டுநரிடம் பேசக் கூடாது. அவன் விதியை மீறாத ஊர்க்காரன். ஏஹிங்கர் டோர் நிறுத்தம் வரைக்கும் பேசவில்லை. மேட்டிலிருந்து இறங்கும்போது ஊர் கீழே இல்லை, கோபுர நுனி மட்டும். கண்ணாடியில் பார்த்தேன். அவனும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான், வாய் லேசாகத் திறந்தபடி. தினமும் நான் பார்ப்பது. இத்தனை வருஷத்தில் அவன் பார்க்காதது.

ஏஹிங்கர் டோரில் ஆலைப் பேருந்துக்கு மாற வேண்டும். இறங்கும்போது என் ஓட்டுநர் அறைக் கதவுக்குக் கீழே இருக்கும் இடுக்கில் ஒரு காகிதப் பையைச் செருகிவிட்டுப் போனான். வண்டிக்கு முன்னால் தண்டவாளத்தைக் கடக்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை. நான் மணி அடித்தேன், தேவையில்லாமல். கையைத் தூக்கினான். பனி எடுத்துக்கொண்டது.

கடைசி நிறுத்தத்தில் பையைத் திறந்தேன். வெண்ணெய் தடவிய பிரெட்ஸெல் ரொட்டி, இன்னும் சூடு. இந்த முறை தின்னப்படுவது அவன் காசு.

முழுவதையும் தின்றேன். பையை மடித்துக் குப்பையில் போட்டேன்.